ஆயிரம் பிரதியும் பதினொரு புள்ளிகளும்: தன்வெளியீட்டு நாவல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றிய பதிவு

ஒரு நூலாசிரியர் தம் முதல் நாவலைத் தாமே வெளியிட்டார். அதற்கு வாசகரைத் தேடினார். தேடலின் நடுவில், எதை வெற்றி என்று கொள்வது என்ற கணக்கையே மாற்றிக்கொண்டார். 2022 மார்ச் முதல் 2024 டிசம்பர் வரையிலான அந்தக் காலத்தைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். நாவலின் பிரதியைச் செம்மையாக்கியது நான்தான். ஆகவே வெளியே நின்று பார்த்த சாட்சியாக என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது, சில தவறுகளில் எனக்கும் பங்குண்டு. எண்கள் அனைத்தும் அவருடைய கணக்கு நோட்டிலிருந்தும் விற்பனைத் தளங்களின் அறிக்கைகளிலிருந்தும் எடுத்தவை. அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

அப்போது அவருக்கு வயது 47. பகலில் கணக்கு அலுவலகம் ஒன்றில் வேலை, இரவில் எழுத்து. பதினான்கு ஆண்டுகளாகச் சிற்றிதழ்களில் சிறுகதைகள் வெளிவந்திருந்தன. நாவலை எழுதி முடிக்க நான்கு ஆண்டுகள் ஆயின. நினைவை இழந்துவரும் ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவரும், அவர் அன்றன்றைக்கு எதை மறந்தார் என்று ஒரு நோட்டில் குறித்துவைக்கும் இளைய மகனும்தான் கதையின் மையம். ஊர் முழுவதையும் அளந்தவருக்குச் சொந்த வீட்டின் கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும் வழி மறந்துபோகிறது என்பதில் கதை தொடங்குகிறது.

கைப்பிரதியை இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பினார். ஒன்று மறுத்தது, மற்றொன்றிலிருந்து பதினொரு மாதமாகியும் பதில் இல்லை. அதன் பிறகுதான் தாமே வெளியிடுவதென்று தீர்மானித்தார். கோபத்தில் எடுத்த முடிவு என்று நான் முதலில் நினைத்தேன். அப்படியில்லை என்பது அவருடைய நோட்டைப் பார்த்தபோது தெரிந்தது. செம்மையாக்கம், மெய்ப்பு, அட்டை, அச்சு, அஞ்சல் என ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தி போட்டு, எவ்வளவு செலவானாலும் தாங்க முடியும் என்ற எல்லையையும் எழுதியிருந்தார். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று இலக்குகள் இருந்தன: ஓராண்டில் 1,000 பிரதிகள், மின்னூல் தளத்தின் தரவரிசையில் முதல் 100 இடங்களுக்குள் ஓர் இடம், 50 மதிப்புரைகள்.

ஆயிரம் என்ற எண் எங்கிருந்து வந்தது

அமெரிக்க எழுத்தாளர் கெவின் கெல்லி 2008இல் எழுதிய கட்டுரை ஒன்றிலிருந்து அந்த எண்ணை எடுத்ததாகச் சொன்னார். படைப்பாளி ஒருவர் பிழைத்திருக்க லட்சக்கணக்கான ரசிகர்கள் வேண்டியதில்லை, எதைச் செய்தாலும் வாங்கக்கூடிய ஆயிரம் உண்மையான ரசிகர்கள் போதும் என்பது அதன் வாதம். தன்வெளியீட்டாளர்களிடையே இது ஏறத்தாழ ஒரு வேதவாக்காகவே ஆகிவிட்டது. ஆனால் அந்த வாதத்தின் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது: ஒவ்வொரு ரசிகரும் ஆண்டுக்கு 100 டாலர் அளவுக்குப் படைப்பாளியிடம் நேரடியாகச் செலவழிப்பார் என்று அது எடுத்துக்கொள்கிறது. அடிக்கடி புதிய படைப்புகளைத் தரும் இசைக்கலைஞருக்கோ ஓவியருக்கோ அது ஒருவேளை பொருந்தலாம். நான்கு ஆண்டுக்கு ஒரு நாவல் எழுதுபவரிடம் ஒரு வாசகர் எவ்வளவுதான் பிரியம் வைத்தாலும், ஆண்டுதோறும் வாங்குவதற்கு அவரிடம் என்ன இருக்கும்? தவிர, கெல்லி சொல்வது ஆயிரம் ரசிகர்களை. இவர் எழுதிவைத்தது ஆயிரம் பிரதிகளை. விற்ற பிரதிக்கும் கிடைத்த வாசகருக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை அன்று அவரும் கவனிக்கவில்லை, நானும் எடுத்துச் சொல்லவில்லை.

வெளியீட்டு முடிவுகள்

2022 மார்ச்சில் நூல் வெளிவந்தது. அச்சில் 264 பக்கங்கள். மின்னூலை அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில், தன்வெளியீட்டாளர்களுக்கான கேடிபி செலக்ட் திட்டத்தின் கீழ் சேர்த்தார். இதில் சேர்ந்தால் மின்னூலை 90 நாட்களுக்கு வேறெங்கும் விற்கக் கூடாது. பதிலுக்கு, கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தா முறையில் வாசகர்கள் படிக்கும் பக்கங்களுக்குப் பணம் வரும், 90 நாட்களில் ஐந்து நாட்கள் வரை இலவசமாகவும் கொடுக்கலாம். முதல் நூலுக்கு ஒரே இடத்தில் கவனத்தைக் குவிப்பது நல்லது என்று நினைத்தோம். அந்த முடிவில் எனக்கு இன்றும் குறையில்லை.

அச்சுநூலில்தான் கருத்து வேறுபட்டோம். தேவைக்கேற்ப அச்சிடும் முறையிலேயே போகலாம், ஒரு பிரதிக்கு ஆகும் செலவு கூடுதலாக இருந்தாலும் முதலீடு முடங்காது என்றேன். அவரோ தம் கையால் எடுத்துக் கொடுக்கப் பிரதிகள் வேண்டும் என்று, மொத்தமாக அச்சிடும் ஆஃப்செட் முறையில் 300 அடித்தார். தேவைக்கேற்ப அச்சிடும் பதிப்பையும் இணையத்தில் விற்பனைக்கு வைத்தார்.

அட்டைப்படத்தைப் பற்றி அன்று யாரும் அதிகம் பேசவில்லை. பாதி திறந்த கதவு, உள்ளே இருண்ட நடைவழி, கடைசியில் ஒரு மனிதனின் முதுகு. பார்க்க அழகாகவே இருந்தது. பின்னட்டையில் ‘காணாமல் போகும் ஒரு மனிதனின் ரகசியம்’ என்ற வரி இருந்தது. தளத்தில் நூலை வகைப்படுத்தும்போது, போட்டி குறைவாக இருக்கிறது என்பதற்காக மர்மக் கதைகளின் உட்பிரிவு ஒன்றிலும் சேர்த்தார்.

முதல் ஆறு மாதங்கள்

மே மாதம் மூன்று நாட்கள் மின்னூலை இலவசமாகக் கொடுத்தார். 1,912 பதிவிறக்கங்கள். இலவச நூல்களின் பட்டியலில் அவருடைய பிரிவில் முதலிடம். அந்தத் திரையைப் படமெடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினார். எனக்கும் வந்தது, நானும் வாழ்த்தினேன். ஆனால் இலவச நூல்களுக்கும் விலைக்கு விற்கும் நூல்களுக்கும் தரவரிசைப் பட்டியல் தனித்தனி. நான்காம் நாள் காலையில் விலை திரும்பியதும், முந்தின இரவின் முதலிடம் எங்கும் கைகொடுக்கவில்லை. அடுத்த முப்பது நாட்களில் விலைக்கு விற்றவை 14 பிரதிகள். புதிதாக வந்த மதிப்புரைகள் ஐந்து. அவற்றில் இரண்டு, மர்மக் கதை என்று எடுத்தோம், எதுவுமே நடக்கவில்லை என்று குறைப்பட்டன. அந்த வாசகர்கள் மேல் தவறில்லை. அட்டையும் வகைப்பாடும் அவர்களை அழைத்தன. நாவல்தான் வேறாக இருந்தது.

அதே காலத்தில் உறவினர்கள் எழுதிய எட்டு மதிப்புரைகள் நீக்கப்பட்டன. குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் மதிப்புரை எழுதக் கூடாது என்பது தளத்தின் விதி. அதைப் படிக்காமல் விட்டது எங்கள் பிழை.

ஆறு வாரம் சமூக வலைத்தளத்தில் விளம்பரம் செய்தார். விளம்பரத்துக்கான செலவு, அதன் வழியாக வந்த ராயல்டியைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஒரே ஒரு நூல் மட்டும் வைத்திருப்பவருக்கு விளம்பரம் கட்டுப்படியாவது கடினம். தொடர் நாவல்கள் எழுதுபவர் முதல் பாகத்தில் விட்டதை மூன்றாம் பாகத்தில் எடுத்துவிடலாம், இவரிடம் இரண்டாம் நூலே இல்லை.

கற்றுக்கொள்ள உதவியது, படித்த பக்கங்களின் அறிக்கை. 2015 ஜூலையிலிருந்து கிண்டில் அன்லிமிடெட்டில் ராயல்டி, நூலை எடுத்ததற்கு அல்ல, படித்த பக்கங்களின் எண்ணிக்கைக்கே கணக்கிடப்படுகிறது. இந்த நாவலுக்குத் தளம் வகுத்த பக்கக் கணக்கு 338. அறிக்கையில் சில நாட்கள் 41, 38, 45 என்று காட்டின. அதற்கு அடுத்த நாட்களில் பூஜ்யம். யார் படித்தார்கள், ஒருவரா இருவரா என்பதை அந்த அறிக்கை சொல்லாது, எனவே இதிலிருந்து அதிகம் ஊகிக்கக் கூடாது. ஆனாலும் விற்பனை மிகக் குறைவாக இருக்கும் ஒரு நூலில் இப்படி நாற்பதை ஒட்டி நின்று நின்று போவது, யாரோ மூன்றாம் அத்தியாயத்தின் வாசலில் மூடி வைத்துவிட்டுப் போகிறார்கள் என்பதற்கான குறியாக எங்களுக்குப் பட்டது. மூன்றாம் அத்தியாயத்தில்தான் மர்மம் எதுவும் இல்லை, இது நோயைப் பற்றிய கதை என்பது வெளிச்சமாகிறது.

பென்சில் புள்ளிகள்

செப்டம்பர் தொடக்கத்தில் கணக்கைப் பார்க்க உட்கார்ந்தோம். 300 அச்சுப் பிரதிகளில் 118 விற்றிருந்தன, 22 இலவசமாகக் கொடுக்கப்பட்டிருந்தன, 160 மீதம் இருந்தன. அவர் கணக்காளர் என்பதால் நேரடியாக விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் தேதி, பெயர், தொகை என்று மூன்று பத்திகளில் எழுதியிருந்தார். ஆறு மாதத்தில் 118 என்பது தன்வெளியீட்டு முதல் நாவலுக்கு மோசமில்லை என்ற நினைப்பில்தான் இருவரும் இருந்தோம். பேச்சு வாக்கில், இதில் உங்களுக்கு முன்பின் தெரியாதவர் எத்தனை பேர் என்று கேட்டேன். அவர் சட்டென்று பதில் சொல்லவில்லை. பென்சிலை எடுத்து, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துக்கொண்டே போய், தெரியாத பெயர்களுக்கு எதிரே ஒரு புள்ளி வைத்தார். ஐந்து பக்கங்கள் முடிய ஏறத்தாழ இருபது நிமிடம் ஆயிற்று. முடித்துவிட்டுக் கூட்டினார். பதினொன்று.

மற்ற 107 பேரும் உறவு, அலுவலகம், பழைய பள்ளித் தோழர்கள், சிற்றிதழ் நண்பர்கள். அவர்களில் பலர் அன்புக்காக வாங்கியவர்கள். படித்தார்களா என்று கேட்கும் துணிவு அவருக்கு இருக்கவில்லை. முதல் பக்கத்து இலக்கின் வெறுமை அன்றுதான் அவருக்கு உறைத்தது என்று பிற்பாடு சொன்னார். தெரிந்தவர்களின் எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதை அவர் ஏற்கெனவே தொட்டுவிட்டார். இதே வேகத்தில் ஆயிரத்தை எட்ட வேண்டுமானால் அவருக்கு இன்னும் எட்டு மடங்கு உறவினர்கள் வேண்டும்.

செவிலியரின் கடிதம்

அக்டோபரில், புள்ளி வைத்த பதினொருவரில் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. அவர் மறதிநோய் உள்ளவர்களைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றில் செவிலியர். இரண்டு செய்திகள் எழுதியிருந்தார். ஒன்பதாம் அத்தியாயத்தைப் பராமரிப்பாளர்களின் கூட்டத்தில் வாய்விட்டுப் படித்ததாகவும், அதில் தந்தை ஒரே துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடிப்பதை மகன் தடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் படிப்பதை நிறுத்தும்படி ஒருவர் கேட்டுக்கொண்டதாகவும் முதல் பகுதி. அதே அத்தியாயத்தில் இரண்டு பிழைகள் இருப்பதாக அடுத்த பகுதி. ஒன்று, ஒரு வாரத்து மாத்திரைகள் எல்லாவற்றையும் மகன் ஒரே குப்பியில் கொட்டிவைக்கிறான்; இவ்வளவு கவனமாக நோட்டு எழுதும் மகன் அப்படிச் செய்யமாட்டான், கிழமைவாரியாக ஏழு அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டியைத்தான் வாங்குவான். மற்றொன்று, தந்தையின் பதற்றமும் அலைச்சலும் நாவலில் எப்போதும் காலையில் வருகின்றன. நடைமுறையில் அது பெரும்பாலும் பொழுது சாயும் வேளையில்தான் கூடும்.

நூலாசிரியருக்கு முதலில் வருத்தம்தான். நான்கு ஆண்டு எழுதியதில் மாத்திரைக் குப்பியா முக்கியம் என்று என்னிடம் கேட்டார். இரண்டு நாள் கழித்து அவரே அந்த அத்தியாயத்தைத் திருத்தி அனுப்பினார். காலையை மாலையாக மாற்றியதும் அந்தக் காட்சியே வேறாகிவிட்டது: விளக்கேற்றும் நேரம், மகன் அலுவலகத்திலிருந்து களைத்துத் திரும்பும் நேரம், தந்தை வாசலில் நின்று வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்கும் நேரம். திருத்திய கோப்பை மின்னூலிலும் தேவைக்கேற்ப அச்சிடும் பதிப்பிலும் சில நாட்களுக்குள் ஏற்றிவிட முடிந்தது. தன்வெளியீட்டின் உண்மையான சௌகரியங்களில் இது ஒன்று, பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை. ஆனால் 160 ஆஃப்செட் பிரதிகள் பழைய பிழையோடு பெட்டியில் இருந்தன. இரண்டு பிழைகளையும் திருத்தத்தையும் ஒரு சிறு சீட்டில் அச்சிட்டு, ஒன்பதாம் அத்தியாயம் தொடங்கும் பக்கத்தின் உள்விளிம்பில் ஒவ்வொரு பிரதியிலும் அவரே ஒட்டினார்.

மாற்றிய முடிவுகளும் காரணங்களும்

வாசகர் யார் என்பதற்கு அந்தக் கடிதம் ஒரு தடயத்தைத் தந்தது. நாவல் படிப்பவர்கள் எல்லாரும் என்று அதுவரை எண்ணியிருந்தோம். நினைவிழந்த ஒருவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் என்று அது சுருங்கியது. சுருங்கியதால்தான் அவர்கள் எங்கே இருப்பார்கள் என்று யோசிக்கவே முடிந்தது.

முதல் வேலை அட்டை. இருண்ட நடைவழி போய், அளவை நாடாவும் திறந்த நோட்டும் வந்தன. பின்னட்டையில் ரகசியம் என்ற சொல் எடுக்கப்பட்டது. தந்தையின் மறதி முதல் வரியிலேயே சொல்லப்பட்டது. மர்மக் கதைப் பிரிவிலிருந்து நூல் விலக்கப்பட்டது. இதனால் தரவரிசையில் நூல் கீழே போகும் என்று தெரிந்தேதான் செய்தோம்.

கேடிபி செலக்டிலிருந்து வெளியேறவும் தீர்மானித்தார், ஏனென்றால் பராமரிப்பாளர் குழுக்களுக்கும் நூலகங்களுக்கும் மின்னூலைக் கொண்டுபோக அந்த 90 நாள் நிபந்தனை தடையாக இருந்தது. நவம்பரில் எடுத்த முடிவு அது. தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் குறியை எடுக்க மறந்துவிட்டார். டிசம்பர் தொடக்கத்தில் அடுத்த 90 நாட்கள் தொடங்கிவிட்டன. மார்ச் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நூலின் கடைசிப் பக்கத்துக்கு அடுத்து, தமக்கு எழுதவோ மின்னஞ்சல் பட்டியலில் சேரவோ விரும்பினால் அதற்கான முகவரியைச் சேர்த்தார். முன்பக்கத்தில் போடலாமே என்று அட்டை வடிவமைத்தவர் கேட்டதற்கு, படித்து முடிக்காதவரின் முகவரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்றார். இந்தப் பதிவில் வரும் முடிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அதன் பிறகு நோட்டின் முதல் பக்கத்தை அடித்துவிட்டு, புதிதாக மூன்று வரிகள் எழுதினார். நூலை முடித்துவிட்டுத் தாமாகத் தொடர்புகொள்ளும் அறிமுகமற்றவர்களின் எண்ணிக்கை; நூல் தன் செம்மையாக்கச் செலவையும் அச்சுச் செலவையும் தானே ஈட்டுதல்; அடுத்த கைப்பிரதி வாரத்துக்கு ஐந்து மணி நேரமாவது நகர்தல். முதல் வரியை நான் மறுத்தேன். கடிதம் எழுதுபவர்கள் பெரும்பாலும் பிடித்தவர்கள்தான். பிடிக்காதவர் மூடிவைத்துவிட்டுப் போய்விடுவார், எழுதமாட்டார். ஆகவே கடிதங்களை எண்ணுவதும் தரவரிசையைப் பார்ப்பது போன்ற இன்னொரு போதையாக மாறலாம் என்றேன். அவர் அதை ஓரளவு ஏற்றுக்கொண்டு, அதோடு ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்: இவர்களில் எத்தனை பேர் இரண்டாம் நூலை வாங்குகிறார்கள் என்பதையும் பார்த்த பிறகே முதல் வரிக்கு மதிப்பெண். மூன்றாம் வரி பற்றி எங்களுக்குள் விவாதமே இல்லை. முன்பிருந்த மூன்று இலக்குகளில் ஒன்றுகூட அவர் கையில் இல்லை. இந்த ஒன்று முழுவதும் அவர் கையில் இருந்தது.

செய்யாமல் விட்டது

2023 தொடக்கத்தில் பராமரிப்பாளர் குழு ஒன்றை நடத்துபவர், மறதிநோய் உள்ளவரை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஒரு கையேடு எழுதித் தரும்படி அவரைக் கேட்டார். குழுவினரே பல பிரதிகள் வாங்கிக்கொள்வார்கள் என்றும் சொன்னார். விற்பனைக் கணக்கில் பார்த்தால் நாவலைவிட அது நிச்சயமாக மேலாக இருந்திருக்கும். அவர் மறுத்துவிட்டார். தமக்கு மருத்துவப் பயிற்சி இல்லை, மாத்திரைப் பெட்டியைப் பற்றிக்கூடத் தெரியாமல் எழுதியவன் கையேடு எழுதலாகாது என்பது அவர் சொன்ன காரணம். வாரத்துக்கு ஐந்து மணி நேரம் என்ற வரியும் மனத்தில் இருந்திருக்க வேண்டும். பதிலாக, நாவலின் ஓர் அத்தியாயத்தைத் தாம் படிப்பதாகவும், அதன் பின் எழும் நடைமுறைக் கேள்விகளுக்கு அந்தச் செவிலியர் பதில் சொல்வதாகவும் ஒரு கூடுகை நடத்தலாமே என்றார். பதினெட்டு மாதங்களில் இப்படி ஒன்பது கூடுகைகள் நடந்தன. பெரிய கூட்டம் என்று எதுவும் இல்லை. ஒருமுறை ஆறு பேர் மட்டுமே வந்தார்கள், அவர்களில் நான்கு பேர் பின்னால் பட்டியலில் சேர்ந்தார்கள்.

பின்விளைவுகள்

2024 அக்டோபர் வரை மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்தவர்கள் 247 பேர். விலகியவர்கள் 31 பேர். மாதம் ஒரு கடிதம் அனுப்பினார். முதல் சில மாதங்கள் எத்தனை பேர் திறந்தார்கள் என்ற விகிதத்தைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தார். அது எழுபது சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் அஞ்சல் செயலியில் அந்தரங்கப் பாதுகாப்பு வசதியைக் கொண்டுவந்த பிறகு இந்த விகிதத்தை நம்ப முடியாது: பெறுபவர் கடிதத்தைத் தொடாவிட்டாலும் அதிலுள்ள படங்கள் முன்கூட்டியே இறக்கப்படுவதால், திறந்ததாகவே கணக்காகிவிடும். இதைச் சொன்னதும் அந்த எண்ணைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். கடிதத்தின் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டு, வரும் பதில்களை எண்ணத் தொடங்கினார். மாதம் பதினைந்து, இருபது என்று பதில்கள் வந்தன. அவற்றில் சில, அடுத்த கதைகளுக்கே வித்தாயின.

நூல் தன் செம்மையாக்கச் செலவையும் அச்சுச் செலவையும் ஈட்டி முடிக்க 31 மாதங்கள் ஆயின. விளம்பரத்தில் விட்டதும், சீட்டு ஒட்டிய இரவுகளும், நான்கு ஆண்டு உழைப்பும் இந்தக் கணக்கில் இல்லை.

2024 நவம்பரில் இரண்டாம் நூல் வந்தது. அது சிறுகதைத் தொகுப்பு. பன்னிரண்டு கதைகளில் ஒன்றே ஒன்றுதான் மறதியைத் தொட்டது. அறிவிப்புக் கடிதம் போன வாரத்தில் 19 பேர் பட்டியலிலிருந்து விலகினார்கள். ஒரே வாரத்தில் அத்தனை பேர் விலகியது அதுவரை நடந்ததில்லை. விலகியவர்களில் ஒருவர் மட்டும் காரணம் எழுதினார்: தம் தாயார் காலமாகிவிட்டார், இனி இந்தக் கடிதங்கள் தமக்குத் தேவைப்படாது, நன்றி. மற்றவர்கள் மௌனமாகப் போனார்கள். அறிவிப்புக்கு முன் பட்டியலில் இருந்த 216 பேரில் 64 பேர் முதல் மாதத்திலேயே அவரிடம் நேரடியாகத் தொகுப்பை வாங்கினார்கள்.

இந்த இடத்தில்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். பொருளைத் தேடி வந்த வாசகர் வேறு, எழுத்தைத் தேடி வரும் வாசகர் வேறு. முதல் நாவலுக்கு வாசகரைக் கண்டுபிடித்துக் கொடுத்த அதே வழி, பொருளுக்காக வந்தவர்களையே பெரும்பாலும் அழைத்துவந்தது. அவர்களுடைய தேவை தீர்ந்ததும் போய்விட்டார்கள், அது இயல்பே. ஆனால் அந்த வழியில்லாமல், தொகுப்பை வாங்கிய 64 பேரும் கிடைத்திருக்கமாட்டார்கள். ஒரு நூலின் வாசகருக்கும் ஒரு நூலாசிரியரின் வாசகருக்கும் உள்ள இந்த வித்தியாசம், இரண்டாம் நூல் வரும்வரை எந்த அறிக்கையிலும் தெரியாது. அதனால்தான் முதல் நூலை வைத்து எழுதும் எந்த வெற்றிக் கணக்கும் தற்காலிகமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆயிரம் பிரதியின் கதையையும் சொல்லிவிட வேண்டும். 2024 முடியும்போது நாவல் விலைக்கு விற்ற கணக்கு: நேரடியாக 238, தளங்கள் வழியாக மின்னூலும் அச்சுமாக 431, ஆக 669. ஓராண்டில் எட்ட நினைத்ததை ஏறத்தாழ மூன்றாண்டு ஆகியும் எட்டவில்லை. முதல் ஆறு மாதத்துக்குப் பின் நேரடியாக விற்ற 120 பிரதிகளில் 97க்கு எதிரே பென்சில் புள்ளி இருந்தது.

மறுபடி செய்தால்

தெரிந்தவர், தெரியாதவர் என்ற பத்தியை முதல் நாளிலேயே நோட்டில் போடச் சொல்வேன். எனக்கு ஏழாம் மாதத்தில்தான் அந்தக் கேள்வி தோன்றியது.

வெளியீட்டுக்கு முன்பே பதினைந்து இருபது பேருக்குக் கைப்பிரதியைக் கொடுத்திருக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேராவது முன்பின் தெரியாதவர்களாகவும், ஒருவராவது நோயாளிகளோடு பழகும் தொழிலில் இருப்பவராகவும் இருந்திருக்க வேண்டும். மாத்திரைக் குப்பியையும் காலை நேரத்தையும் நான் இருமுறை படித்தும் கடந்து போனேன். வாக்கியங்களைத் திருத்துவதில் காட்டிய கவனத்தை விவரங்களைச் சரிபார்ப்பதில் காட்டவில்லை. இப்போது நோய், தொழில், சட்டம் சார்ந்த காட்சி எது வந்தாலும் பிரதியின் ஓரத்தில் குறித்து, தெரிந்தவரிடம் கேட்டீர்களா என்று நூலாசிரியரிடம் கேட்கிறேன்.

அட்டை வடிவமைப்பவருக்கு நாவலின் சுருக்கத்தை மட்டும் அனுப்பினோம். மூன்று அத்தியாயங்களாவது அனுப்பியிருந்தால் அந்த இருண்ட நடைவழி வந்திருக்காது. இலவச நாட்களை வைத்துக்கொண்டிருந்து, அடுத்த நூல் வரும் வேளையில் முதல் நூலுக்குப் பயன்படுத்தியிருந்தால், வந்தவர்கள் அடுத்ததாகப் படிக்க ஒன்று இருந்திருக்கும்.

300 பிரதி அடித்தது தவறு என்றே நான் இன்றும் சொல்கிறேன். அவர் ஒப்புக்கொள்வதில்லை. கூடுகைகளில் கையோடு கொடுத்தனுப்ப அந்தப் பிரதிகள்தானே இருந்தன என்கிறார். சீட்டைப் பார்த்துவிட்டு, யார் இந்தப் பிழையைக் கண்டுபிடித்தது என்று கேட்டே பலர் தம்மோடு பேசத் தொடங்கினார்கள் என்றும் சொல்கிறார். பெட்டியில் இன்னும் நாற்பது இருக்கின்றன. அவை தீரும்வரை, நேரடியாகக் கேட்பவர்களுக்குச் சீட்டு ஒட்டிய பிரதியையே அனுப்பப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.